இல்லாதவுக அரிசி

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு அடுப்படி மூலையில் ஒரு கலயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்ததும் அதைக் கழுவி வெயிலில் கவிழ்த்து, காய்ந்த பிறகு நிமிர்த்தி வைப்பேன். அன்று தொட்டு, உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து அதில் போட வேண்டும். குருத்து ஞாயிறு அன்று எங்கள் கரையிலுள்ள வீடெல்லாம் அவரவர் கலயத்தைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டும். பெரிய வெள்ளிக்கு அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சி, கோயில் வாசலில் வந்து உட்காரும் பரதேசிகளுக்கு ஊற்றுவார்கள். பிடியரிசி என்பது அதற்குப் பேர்.

போடுகிற கை பிள்ளைகளின் கையாக இருக்க வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஜெபப் புத்தகத்தை மடியில் வைத்து எழுத்துக் கூட்டி நானாகப் படித்ததுதான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அடுப்படியில், பேச்சோடு பேச்சாக. பனங்கிழங்கை ஒடிக்கிறவள் முதல் துண்டை எடுக்கக் கூடாது, மற்றவன் எடுத்தது போக மிச்சம்தான் ஒடித்தவளுக்கு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம், ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு பிரசங்கம். "இவ வாயி போற வேகத்துக்கு ஒரு பாயக் கட்டிவிட்டா கொழும்பு போயிச் சேந்துரலாம்" என்று என் மாமியார் இருந்த காலத்தில் சொல்வார்.

நான் சொல்ல வந்தது, எங்கள் தபசும் முஸ்லிம் தெருக்காரர்களின் நோன்பும் ஒன்றாக வந்த வருஷம். அறுபதை ஒட்டி இருக்கும். மகள் புது நன்மைக்கு, முதன்முதலாக நற்கருணை வாங்க, ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்தால், சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரிடம் போய் ஞான உபதேசக் கேள்வி பதிலை ராகம் போட்டு ஒப்பித்துவிட்டு வருவாள். மகன் அவளுக்கு ரொம்பச் சின்னவன். கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு திரிகிற வயசு.

விபூதிப் புதன் அன்று இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டேன். "தபசுக்கு ஆளுக்கு ஒண்ணு விடணும். எதை விடப்போறீக?"

"நான் கருப்பட்டிய விடுறேன்" என்றாள் மகள்.

"நான் குளிக்கிறத விடுறேன்" என்றான் மகன்.

"ஏலே, பிடிச்சதத்தான் விடணும்."

"எனக்குக் குளிக்கப் பிடிக்கும்மா. நீ சொரண்டுறதுதான் பிடிக்கல."

சிரித்து முடித்ததும் கலயத்தை நடுவில் வைத்து, ஞான உபதேசம் போலவே நானும் ஒரு கேள்வி பதில் கட்டினேன். இந்த அரிசி யாருக்கு? இல்லாதவுகளுக்கு. நாம யாரு? இருக்கப்பட்டவுக. இதுல நாம கை வைக்கலாமா? வைக்கப்படாது. பசிச்சா? பசிச்சாலும்.

அந்தக் கடைசிக் கேள்வியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ராகம் நன்றாக முடிய வேண்டும் என்று நானே சேர்த்தது. மகள் அதைத்தான் சத்தமாகச் சொன்னாள்.

'இருக்கப்பட்டவுக' என்று நான் சொன்னதற்கும் அப்போது பெரிதாக ஆதாரம் கிடையாது. அந்த வாடைக் காற்றுக் காலத்தில்தான் எங்கள் வள்ளம் கடலுக்குள் பாறையில் மோதிப் பிளந்திருந்தது. ஆட்கள் உயிரோடு கரையேறினார்கள், வள்ளம் விறகாக வந்தது. பிள்ளைகளின் அய்யா தூத்துக்குடிப் பக்கம் கூலிக்குப் போனார். போனவரிடமிருந்து ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. நான் வாலிநோக்கத்து உப்பளத்தில் உப்பு வாரப் போனேன். அன்றன்று கூலியில் அன்றன்று அரிசி. ஒரு நாள் சிவப்பரிசி, ஒரு நாள் குண்டரிசி, ஒரு நாள் கடைக்காரர் மூட்டைக்கு அடியில் கூட்டி அள்ளிய நொய். எது வந்தாலும் அதில் ஒரு பிடி கலயத்துக்குப் போய்விடும். மகள் அதில் கண்டிப்பு. உலை கொதித்துப் பொங்கினாலும் அவள் கை கலயத்துக்குள் போய் வந்த பிறகுதான் நான் அரிசியில் கை வைக்கலாம்.

தபசு பாதி போயிருக்கும். மகளுக்கு மணல்வாரி அம்மை போட்டது.

வேதக்காரர் வீடானாலும் அம்மை என்றால் வாசலில் வேப்பங்குலை செருகாத வீடு எங்கள் கரையில் இல்லை. குலை ஏறிவிட்டால் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. அடுப்புக்கு நெருப்புகூடக் கொடுக்க மாட்டார்கள். அதைக் குற்றம் சொல்ல ஏலாது, எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். நானும் அடுத்த வீட்டுக்கு அப்படித்தான் இருந்திருக்கிறேன். பிள்ளையை விட்டு உப்பளத்துக்கு என்னால் போக முடியவில்லை. அரிசிப் பானை அடி தெரிய ஆரம்பித்தது.

காய்ச்சலில் கண் திறக்க முடியாமல் கிடந்தவள், காலையில் நான் அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டால் மட்டும் வாய் திறப்பாள். "பிடி போட்டியாம்மா?"

"போட்டாச்சு தாயி. தம்பிதான் போட்டான்."

அவன் போடத்தான் செய்தான். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. உலைக்கு இரண்டு பிடி இருந்தபோதும் ஒரு பிடி கலயத்துக்குப் போயிற்று. அப்புறம் ஒரு காலையில் அரிசிப் பானையைக் கவிழ்த்து அதன் முதுகில் தட்டினேன். மண்தான் உதிர்ந்தது.

"பிடி போட்டியாம்மா?"

"அரிசி நெறைஞ்சிருக்கு தாயி" என்றேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் அரிசியையோ உப்பையோ விளக்கெண்ணெயையோ 'இல்லை' என்று சொல்ல மாட்டோம். தீர்ந்து போனால் நிறைந்திருக்கிறது என்போம். இல்லை என்று வாயால் சொல்லிவிட்டால் வீடும் அப்படியே ஆகிவிடும் என்று ஒரு பயம். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் விளங்கிக்கொண்டு ஒரு படி அளந்து கொண்டுவருவாள். பிள்ளைகளிடமும் நான் அதே பேச்சைத்தான் பேசி வளர்த்தேன். என் மகளின் காதில் இல்லை என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்ததே கிடையாது.

முருங்கைக் கீரையை அவித்து உப்புப் போட்டு மகனும் நானும் தின்றோம். அவளுக்கு அந்தத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். மேல் குளிர்ந்துவிட்டது, ஆனால் பிள்ளை எழுந்திருக்கவில்லை. மணல்வாரி விட்டுப்போன பிள்ளைக்குக் கஞ்சி இறங்கினால் பிழைக்கும். இறங்காவிட்டால் பேதி பிடித்துக்கொள்ளும், அப்புறம் குழி வெட்ட வேண்டியதுதான். அந்த வருஷமே எங்கள் கரையில் அப்படிப் போன பிள்ளைகள் உண்டு. அவர்களின் அம்மாமாரைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் யோசிக்கவே இல்லை. கலயத்தின் வாய்த்துணியை அவிழ்த்து இரண்டு கையாலும் அள்ளினேன். குழையக் காய்ச்சி, ஆற்றி, அவள் தலையை மடியில் வைத்து ஒரு வாய் ஊட்டினேன். உதட்டை நனைத்தாள். பிறகு கண்ணைத் திறந்து கிண்ணத்துக்குள் பார்த்தாள். பார்த்தவள் வாயிலிருந்ததை என் கையிலேயே துப்பினாள்.

"இது எங்கன வாங்குனது?"

"கடையிலதான்."

"செவப்பும் வெள்ளையும் நொய்யுமா எந்தக் கடையிலம்மா தாராக?"

ஊரெல்லாம் என் வாய்க்குப் பயப்படும், என் மகளுக்கு அந்தப் பயம் கிடையாது.

"இது இல்லாதவுக அரிசி" என்றாள்.

"இப்ப நாமளும் அப்படித்தான் தாயி. குடி."

"நீதான நெறைஞ்சிருக்குன்ன?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"அப்பப் பொய்யா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் வாயில் அது வரவில்லை. "நெறைஞ்சுதான் இருக்கு... நெறைஞ்சது கொஞ்சம் கொறைஞ்சிருக்கு" என்று உளறினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கெஞ்சினேன். உங்க அய்யா வந்தா நான் என்ன பதில் சொல்வேன் என்று அழுதேன். அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கின கை, அவள் கன்னத்துக் குழியைப் பார்த்ததும் தானாக இறங்கிவிட்டது.

"தம்பி குடிக்கிறான், பாரு" என்றேன்.

"அவனுக்கு இன்னும் புத்தி விவரம் வரலம்மா. பாவம் ஒட்டாதுன்னு உபதேசியார் சொல்லியிருக்காரு."

"எனக்கு ஒட்டாது" என்று மகன் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து நக்கினான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் கையைத் தூக்கிவிட்டால் அது அப்படியே விழுந்தது. உதடு கருவாட்டுத் தோலாக வெடித்திருந்தது. பொழுது மேற்கே சாயும் நேரத்தில் முஸ்லிம் தெருவிலிருந்து ஒரு அக்காள் வந்தாள். நான் லாத்தா என்று கூப்பிடுவேன். புருஷன் கடல் தாண்டிப் போய் வியாபாரம் செய்கிறவர். வாசலில் வேப்பங்குலையைப் பார்த்தும் அவள் நிற்கவில்லை. "எனக்குச் சின்னதுலயே வந்து போயிருச்சு. திரும்ப வர அது என்ன சம்பந்தி வீட்டு ஆளா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சி.

"எந்திரி மகளே. ஒரு மடக்குக் குடி."

மகள் மோந்து பார்த்தாள். "கறி போட்டிருக்கா, மாமி?"

"வாசத்துக்கு ரெண்டு துண்டு."

"இன்னைக்கு வெள்ளி. எங்களுக்குச் சுத்தபோசனம். கறி ஆகாது."

லாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது ஓம் பிள்ளையா, எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் பிள்ளையாடி? காலையில இருந்து நான் எச்சி முழுங்காமக் கெடக்கேன், எனக்கே இது புத்தி சொல்லும்போல இருக்கே!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிள்ளையின் உதட்டைத் தொட்டவள், சட்டென்று கையை எடுத்துவிட்டாள். அப்புறம் அவள் சிரிக்கவில்லை.

"சீக்காளிக்கு நோன்பு கெடையாதுன்னு எங்கள்ல இருக்கு. ஒங்கள்ல இல்லையா?"

"இருக்கு லாத்தா. நான் சொன்னா எடுபட மாட்டேங்குது."

"யாரு சொன்னா எடுபடும்?"

"உபதேசியார் சொன்னாக் கேப்பா."

"அப்ப இங்கன என்னத்தடி முட்டையிட உக்காந்திருக்க? தூக்கிட்டு ஓடு."

மகளைத் தோளில் போட்டேன். உபதேசியார் கண்முன்னாலேயே கேட்டுவிடலாம் என்று கலயத்தைத் தலையில் வைத்தேன். மகன் சேலையைப் பிடித்துக்கொண்டான். தோளில் கிடந்தவளுக்குப் பாரமே இல்லை. தலையிலிருந்த கலயம்தான் கனத்தது. அதுதான் என்னை மணலில் அழ வைத்தது.

கோயிலில் சிலுவைப் பாதை முடிகிற நேரம். கரைச் சனம் முழுக்க அங்கே இருந்தது. அம்மை வீட்டுக்காரி வருகிறாள் என்று வழி தானாக விலகியது. உபதேசியாரை வாசல் பக்கம் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷன், பயந்த சுபாவம்.

"இதெல்லாம் சாமியார்ட்ட கேக்க வேண்டிய காரியமுல்ல? குருத்து ஞாயித்துக்கு வருவாரு. கேட்டுச் சொல்றேன்."

"குருத்து ஞாயிறு வரைக்கும் இது இருக்குமா அய்யா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "குடி தாயி. சாமி கோவிச்சுக்கிற மாட்டாரு" என்றார்.

மகள் என் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "அது இல்லாதவுகளுக்குத்தான அய்யா?"

"ஆமா."

"நாங்க இல்லாதவுகளா?"

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற சனத்தைப் பார்த்தார். சொந்த வள்ளம் வைத்துத் தொழில் செய்த வீட்டுப் பொம்பளையை, அவள் முகத்துக்கு நேரே, ஊர் கேட்க எப்படி அப்படிச் சொல்வார்? "சேச்சே! ஒங்க அய்யா எப்பேர்ப்பட்ட ஆளு! ஒங்களுக்கு என்ன தாயி கொறை?" என்றார்.

மரியாதைக்குத்தான் சொன்னார். அந்த மரியாதை என் பிள்ளையைக் கொன்றுவிடும் என்று அவருக்குத் தெரியாது. மகள் தலையைத் திரும்பவும் என் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஞான உபதேசக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டதுபோல.

கோயில் வாசலுக்கு இடது பக்கம், பெரிய வெள்ளிக்குப் பரதேசிகள் வரிசையாக உட்காருகிற மணல் திட்டு உண்டு. அங்கே போய் உட்கார்ந்தேன். மகளை எதிரில் சாய்த்து வைத்து, கலயத்தை அவள் பக்கத்தில் வைத்தேன். முந்தானையை விரித்தேன்.

"எங்க வீட்டுல அரிசி இல்ல" என்றேன்.

பெண்கள் பக்கமிருந்து ஒரே சத்தம். "அடியே, விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?" "நெறைஞ்சிருக்குன்னு சொல்லுடி!" "பிள்ளகுட்டிக்காரி, வாயக் கழுவுடி."

"இல்ல" என்றேன். ஒரு தடவை வெளியே வந்த பிறகு அந்தச் சொல் நிற்கவில்லை. "அரிசி இல்ல. உப்பு இல்ல. வெளக்குக்கு எண்ணெய் இல்ல. வள்ளம் இல்ல. ஆம்பளையக் காணும், இருக்காரோ இல்லையோ தெரியல. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நாங்க இல்லாதவுக. பிச்சை போடுங்க."

அம்மை வீட்டுக்காரி என்று ஒருவரும் கிட்டே வரவில்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஒருத்தியை, இவள் நிஜமாகவே பசியோடு வந்தவள்தானா என்று பார்ப்பதுபோல, முகம் முழுக்கப் பார்த்தாள். பிறகு கையை ஊன்றிக் கலயத்தின் பக்கம் நகர்ந்து, உள்ளே கை விட்டு ஒரு பிடி எடுத்தாள். பாதி மணலில் சிந்தியது. மீதியை என் முந்தானையில் போட்டாள்.

"வாங்கிக்கங்க" என்றாள்.

பரதேசிகளுக்கு எறிந்தாற்போலப் போடக் கூடாது, ஒருமையில் பேசக் கூடாது, வாங்கிக்கங்க என்றுதான் சொல்ல வேண்டும் என்று பழக்கியவள் நான்தான். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றே கூப்பிட்ட பிள்ளை. அந்த ஒரு சொல்லில் நான் அவளுக்கு அம்மா இல்லாமல் போனேன். அவள் கண்ணில் இருந்தது இரக்கம். நான் சொல்லிக்கொடுத்த இரக்கம், ஒரு குறையும் இல்லாமல்.

அடுத்த பிடி. அதற்கடுத்த பிடி. உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்தார். கலயம் காலியாகும் வரை அவள் விடவில்லை. முடித்ததும் அப்படியே மணலில் சரிந்தாள்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. உலை கொதிக்கும் வரை அவள் மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, அவள் முன்னால் வைத்து, கும்பிடாத குறையாகச் சொன்னேன்.

"எனக்குப் பிச்சை கெடைச்சது தாயி. இதுல ஒனக்குப் பங்கு தாரேன். வாங்கிக்கிறியா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வயசாகிப் போயிற்று. பிறகு வாயைத் திறந்தாள்.

ஒரு வாய் இறங்கியது. இரண்டாவது வாய் திரும்பி வந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினேன். இறங்கியது, நின்றது. பிள்ளை பிழைத்தாளா என்று அப்போதும் எனக்குத் தெரியாது. இன்னொரு வாய்க்கு உதடு திறக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

மகன் தன் கிண்ணத்தை வழித்து முடித்துவிட்டு என் முழங்காலைத் தட்டினான்.

"ஏம்மா, நாளைக்கும் நாம பரதேசியா?"

"ஆமாலே" என்றேன். "நாளைக்கும்தான்."